கல்யாண போட்டோகிராஃபர் ஆக: லைட் பிடிப்பதிலிருந்து சொந்த ஆர்டர் வரை

தமிழ்நாட்டில் கல்யாண போட்டோ எடுப்பவருக்கு ஒரே வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெண். பேரம் பேசிப் பணம் கொடுப்பது அவளுடைய அப்பா. ஆல்பம் வந்ததும், தன் குடும்பம் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பது மாப்பிள்ளையின் அத்தை. இந்த மூன்று பேரில் ஒருவர் முகம் சுளித்தாலும் அந்த வீட்டின் அடுத்த கல்யாணம் வேறு ஒருவருக்குப் போய்விடும். இந்தத் தொழிலில் தோற்றவர்கள் பலர் நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள்தான். குடும்பத்தைப் படிக்கவும், சொன்ன தேதியில் ஆல்பம் கொடுக்கவும்தான் அவர்களுக்கு வரவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவைப் பற்றி நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவும் மற்றவை பற்றிக் கூடுதலாகவும் இருக்கும்.

முதலில் கல்யாணத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

கேமரா இல்லாமலே தொடங்கலாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு ஓடாமல் மேடைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எதற்குப் பின் எது வருகிறது, ஒவ்வொன்றிலும் யார் யார் வேண்டும், எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல், தாரை வார்த்தல், தாலி, அக்னி வலம், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என்ற வரிசை பொதுவாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் இது மாறும்.

கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சீர்களை நடத்துவது அருமைக்காரர். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் அடுத்த படம். நகரத்தார் கல்யாணத்தில் கழுத்திரு என்ற பெரிய தங்கத் தாலி உண்டு. இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுவதும் உண்டு. அது ஏதோ ஓரத்தில் நடக்கும் கையெழுத்து வேலை என்று விட்டுவிட்டால் அந்த வீட்டில் மன்னிக்கவே மாட்டார்கள். பிராமணக் கல்யாணத்தில் காசி யாத்திரை, மாமன்மார் தோளில் தூக்கி மாலை மாற்றுவது, ஊஞ்சல் எல்லாம் அடுத்தடுத்து வரும், லென்ஸ் மாற்ற நேரம் இருக்காது. சுயமரியாதைத் திருமணத்தில் ஹோமமும் இல்லை, ஐயரும் இல்லை. 1967 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும். தலைமை தாங்குபவரின் பேச்சு நீளமாக இருக்கும். முக்கிய நிகழ்வு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அசந்தால் போயிற்று. தேவாலயத்தில் எதுவரை போகலாம், ஃபிளாஷ் போடலாமா என்று பாதிரியாரிடம் முன்னாலேயே கேட்க வேண்டும். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராஃபர்தான் வேண்டும் என்று பலர் கேட்பார்கள். இந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது. தொழிலுக்கு வர யோசிக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆர்டர் எடுத்ததும் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், “உங்க வழக்கத்துல எதெல்லாம் உண்டுங்க, கொஞ்சம் சொல்லுங்கம்மா” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிகள் சந்தோஷமாகச் சொல்வார்கள். கல்யாணத்தன்று கூட்டத்தில் உங்களுக்கு வழிவிடச் சொல்லிச் சத்தம் போடுவதும் அதே பாட்டியாகத்தான் இருக்கும்.

ஒரு டீமில் சேருங்கள்

ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற முழுநேரப் பள்ளிகள் உண்டு. வசதி இருந்தால் போகலாம், வெளிச்சத்தைப் பற்றி முறையாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் மண்டபத்தை மண்டபத்தில்தான் கற்க முடியும். உங்கள் ஊரில் நிறைய ஆர்டர் செய்யும் ஒருவரிடம் லைட் பிடிக்கப் போங்கள். பிறகு உதவியாளர், அப்புறம் இரண்டாவது கேமரா. இரண்டு சீசனாவது இப்படிப் போக வேண்டும்.

எல்லோரும் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் படம், எடுக்கவே ஆசைப்படுகிறார்கள். நான் சொல்வது, ஆட்களை நிறுத்தி எடுக்கும் டிரெடிஷனலில் தொடங்குங்கள். வரவேற்பு மேடையில் மூன்று மணி நேரம் வரிசையாக வருபவர்களை நிறுத்தி, குட்டையானவரை முன்னால் இழுத்து, கண் மூடியவரைக் கவனித்து, மொய்க் கவரைக் கீழே இறக்கச் சொல்லி எடுப்பது லேசான வேலை இல்லை. மனிதர்களை மரியாதையாக அதட்டும் கலை அங்கேதான் வரும். ‘அண்ணே, ஒரு அடி உள்ள வாங்க’ என்று சொல்லத் தெரியாதவர் எத்தனை அழகான கேண்டிட் எடுத்தாலும் தனியாகக் கடை போட்டால் திணறுவார்.

இன்னொருவர் ஆர்டரில் வேலை செய்யும்போது எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அங்கே உங்கள் விசிட்டிங் கார்டை நீட்டக் கூடாது. எடுத்த படத்தை அவரிடம் கேட்காமல் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடக் கூடாது. ஊர் சின்னது, செய்தி அன்று மாலையே போய்ச் சேரும்.

கேமரா: எதற்குச் செலவு, எதற்கு வாடகை

பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, படம் பதிவாகும் கார்டைச் செருகும் ஸ்லாட். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது என்பதால் இதில் சமரசமே கூடாது. செகண்ட்ஹேண்டில் தேடுபவர்கள் கவனிக்க: நிக்கானின் முதல் இசட்6-இல் ஒரே ஸ்லாட்தான், இசட்6 II-இல் இரண்டு. கேனான் ஆர்8-இல் ஒன்று, ஆர்6 மார்க் II-இல் இரண்டு. சோனி ஏ7 IV-இல் இரண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று ஒற்றை ஸ்லாட் பாடியை வாங்கினால் அது இரண்டாவது கேமராவாகத்தான் இருக்க வேண்டும்.

லென்ஸ் என்றால் 24-70 மி.மீ எஃப் 2.8 ஜூம் ஒன்றை வைத்துப் பாதிக் கல்யாணத்தை முடித்துவிடலாம். கூட ஒரு 35, ஒரு 85. கூட்டம் மேடையைச் சுற்றி நிற்கும்போது 70-200 கை கொடுக்கும், ஆனால் அதை ஆரம்பத்தில் வாடகைக்கு எடுங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாக்காரர்களால் வாடகைக் கடைகள் நிறைய. மற்ற ஊர்களிலும் இப்போது கிடைக்கிறது. முகூர்த்த நாளில் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கடன் தேவைப்பட்டால் வட்டிக்காரரிடம் போகும் முன் வங்கியில் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேளுங்கள். 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரித்திருக்கிறார்கள். சிறுதொழில் என்று அரசிடம் பதிவு செய்யும் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். கேமராவுக்குத் தனிக் காப்பீடும் உண்டு, எடுத்து வையுங்கள்.

மண்டப வெளிச்சம்

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்.ஈ.டி விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.ஈ.டி திரை வேறு வகை. அதன் வேகத்துக்கு 50 ஹெர்ட்ஸ் கணக்கு பொருந்தாது, அங்கேயே நாலைந்து ஷட்டர் வேகத்தில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சத்தம் வராது என்பதற்காக எலெக்ட்ரானிக் ஷட்டரில் போட்டுவிடாதீர்கள். பட்டை அதில்தான் அதிகம் விழும்.

அடுத்த தொல்லை, நிறங்களின் கலப்பு. ஹோமத் தீ ஆரஞ்சு, வீடியோகாரர் லைட் வெள்ளை, டெக்கரேஷன்காரர் போட்ட ஊதா ஒரு பக்கம். அந்த ஊதா மணப்பெண் முகத்தில் விழுந்தால் எடிட்டிங்கில் ஓரளவுதான் காப்பாற்ற முடியும். கூட்டம் வருமுன் டெக்கரேஷன்காரரிடம் பேசி, மேடையில் உட்காரும் இடத்தில் விழும் கலர் லைட்டை மட்டும் பின்னால் திருப்பச் சொல்லுங்கள். ‘ஒரு டீ சாப்பிடலாமாண்ணே’ என்று ஆரம்பித்தால் நடக்கும்.

முக நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநிற முகத்தை வெளுக்க வைத்துக் கொடுப்பது நம் ஸ்டூடியோக்களின் பழைய வியாதி. சிலர் அதைக் கேட்கவும் செய்வார்கள். வெளுப்பாக்கினால் பட்டுப்புடவையின் அரக்கும் ஜரிகையும் சேர்ந்து வெளிறிப் போகும், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இயல்பான நிறத்தில் நல்ல வெளிச்சத்தோடு இரண்டு படம் முன்பே காட்டினால் பெரும்பாலானவர்கள் அதற்கே சரி என்பார்கள்.

முகூர்த்தம்: அந்த அரை மணி நேரம்

நம் ஊரில் பல கல்யாணங்களில் வரவேற்பு முதல் நாள் மாலையே முடிந்துவிடும். இரவு பதினொன்றுக்கு மேடை காலியாகும். காலை நான்கரை முதல் ஆறு முகூர்த்தம் என்றால் இரண்டு மணிக்கே மேக்கப் தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் தூங்கும் முன் செய்ய வேண்டியது, வரவேற்புக் கார்டுகளை லேப்டாப்பிலும் ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டு, காலைக்குப் புதுக் கார்டு போடுவது. பேட்டரி சார்ஜரை மணமகள் அறையில் செருகாதீர்கள். ஹேர் ட்ரையருக்காக யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

தாலி கட்டும் முன் தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க மண்டபம் முழுக்க எடுத்துப் போவார்கள். புதியவர்கள் இந்த நேரத்தில் மேடையில் இடம் பிடிக்க நிற்பார்கள். இரண்டாவது கேமரா அந்தத் தட்டின் பின்னால் போக வேண்டும். தடி ஊன்றி வந்த தாத்தா, பேசிப் பல வருடமான சித்தப்பா, சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியம்மா எல்லோரும் ஒவ்வொருவராகக் கையை நீட்டி, கண்ணை மூடித் தொடுவார்கள். வரவேற்பு மேடைக்கு ஏற முடியாதவர்களின் படம் அன்று முழுக்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் அதிகம் தேடப்படும் படமும் அதுவாகத்தான் இருக்கும்.

தட்டு திரும்பி வந்ததும் ஐயரின் கையைப் பாருங்கள். நாதஸ்வரக்காரரைப் பார்த்து அவர் விரலை ஆட்டியதும் கெட்டிமேளம். அதற்குள் நீங்கள் மண்டியிட்டு, மணமக்களுக்கு எதிரில் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர் எதிரில் வீடியோகாரர் இருப்பார். யாருக்கு எந்த இடம் என்று அவரிடம் முன்பே பேசிக்கொள்ளாத டீமில்தான் சண்டை வரும். அட்சதை பறக்கும், செல்போன்கள் குறுக்கே நீளும். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும்போது அவள் தலை குனிந்திருப்பாள், முகம் தெரியாது. அவசரப்பட்டு எல்லாப் படத்தையும் அப்போதே எடுத்துத் தள்ளாதீர்கள். மாப்பிள்ளையும் நாத்தனாருமாக மூன்று முடிச்சையும் போட்டு முடித்ததும் பெண் நிமிர்ந்து அம்மாவைத் தேடுவாள். ஒருவர் கேமரா பெண்ணின் முகத்தில், இன்னொருவர் கேமரா அம்மாவின் முகத்தில். இதைக் காலையிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

அம்மி மிதிக்கும்போது தரையோடு தரையாக 35 லென்ஸில் எடுக்கலாம். ஆனால் அம்மி எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைக்காவிட்டால் புடவைத் தலைப்புகள்தான் படத்தில் வரும்.

கோயில், ட்ரோன், அவுட்டோர்

கோயில் கல்யாணத்தில் கேமரா அனுமதி கோயிலுக்குக் கோயில் மாறும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்ன பிறகு வாசலிலேயே கெடுபிடி கூடியிருக்கிறது. செயல் அலுவலரிடம் வீட்டாரை விட்டே அனுமதி வாங்கச் சொல்லுங்கள். மாமல்லபுரம் போலத் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைத்து எடுக்கவும் முன் அனுமதி வேண்டும். ட்ரோன் என்றால் 2021 விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கையே வைக்காதீர்கள். சான்றிதழ் உள்ளவரை நாள் வாடகைக்கு அழைப்பதே புத்திசாலித்தனம்.

விலையும் எழுத்தும்

கணக்குக்காக, இரண்டு நாள் கல்யாணம் ஒன்றை ஒரு லட்சத்துக்குப் பேசியதாக வைத்துக்கொள்வோம். உடன் வரும் போட்டோ, வீடியோ, லைட் ஆட்களுக்கு 36 ஆயிரம், இரண்டு ஆல்பம் 20 ஆயிரம், எடிட்டிங் 15 ஆயிரம், வண்டி, சாப்பாடு 5 ஆயிரம் என்றால் கையில் நிற்பது 24 ஆயிரம். அதிலும் கேமரா தேய்மானம், கடைக்கு வாடகை, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் செலக்‌ஷனுக்கும் ஆல்பம் திருத்தத்துக்கும் வீட்டாரோடு செலவழிக்கும் வாரங்கள் எல்லாம் போக வேண்டும். உங்கள் ஊர் விலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், பக்கத்துக் கடைக்காரர் சொன்னதில் ஐந்தாயிரம் குறைத்துச் சொல்வது சொந்தக் காசில் அடுத்தவர் கல்யாணத்தை நடத்துவதற்குச் சமம்.

இந்த ஒரு லட்சம் முழுவதும் ஜி.எஸ்.டி கணக்கில் உங்கள் வருமானம் என்பதையும் கவனியுங்கள். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்து 18 சதவீதம் வாங்கிக் கட்ட வேண்டும். லாபம் குறைவு என்பது அங்கே செல்லாது.

முன்பணம் வாங்காமல் தேதியைக் குறிக்காதீர்கள், அது மாமாவாகவே இருந்தாலும். மூன்று பங்காகப் பிரிப்பது நல்லது: பேசும்போது ஒன்று, முகூர்த்தத்துக்கு முன் ஒன்று, ஆல்பம் கொடுக்கும்போது சின்னதாக ஒன்று. கடைசிப் பங்கு பெரிதாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஏனென்றால், ஜோடி சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடும், செலக்‌ஷன் யாரும் செய்ய மாட்டார்கள், பணம் ஒரு வருடம் தொங்கும். ‘படங்கள் கொடுத்த 30 நாளுக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் நாங்களே தேர்ந்தெடுத்து ஆல்பம் செய்வோம்’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரி இருந்தாலே முக்கால்வாசிப் பேர் நேரத்துக்குச் செய்துவிடுவார்கள்.

காப்புரிமை விஷயத்தில் நம் ஆட்கள் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று நினைக்கிறார்கள். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். உங்கள் பக்கத்திலும் விளம்பரத்திலும் போட வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதியிருந்தாலும், இந்தப் படம் வேண்டாம் என்று பெண் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

ஆல்பமும் அடுத்த ஆர்டரும்

கல்யாணம் முடிந்த இரண்டு மூன்று நாளுக்குள் நல்ல படங்கள் பத்துப் பதினைந்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உறவுக் குழுக்களில் அது சுற்றும் அந்த வாரம்தான் உங்களுக்கு விளம்பரம். முழுப் படங்களை மூன்று பிரதி வைத்திருங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் சொல்லிவிட்டால், ஐந்து வருடம் கழித்து வரும் போனுக்குப் பதில் சொல்வது எளிது.

ஆல்பம் வடிவமைக்கும்போது ஒரு தாளில் இரு வீட்டு நெருங்கிய உறவுகளின் பெயரை எழுதி வாங்கி, ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது நன்றாகத் தெரிகிறார்களா என்று டிக் போடுங்கள். பெண் வீட்டுக்கு இருபது பக்கம், மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டு என்று வந்தால் பஞ்சாயத்து உங்களிடம்தான் வரும். பின்னணியில் மேகமும் புறாவும் ஒட்டும் டிசைனர்களிடம் கொடுக்காதீர்கள். வெள்ளைத் தாளில் இரண்டு மூன்று படம் போதும். நெருக்கியடித்து வைத்தால் அத்தைக்கும் பிடிக்காது.

ஆர்டர் வரும் வழிகளில் இன்ஸ்டாகிராமை எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் ஒரு வருடத்தில் ஐம்பது கல்யாணம் பார்க்கும் மண்டப மேனேஜர், மேக்கப் கலைஞர், சமையல் கான்ட்ராக்டர் ஆகியோரை யாரும் சொல்வதில்லை. அவர்கள் வேலையையும் நாலு நல்ல படம் எடுத்து அனுப்புங்கள். வாழையிலை போட்ட பந்தி, அடுப்பங்கரை ஆவி, கட்டி முடித்த ஜடை. அவர்கள் விளம்பரத்தில் அது போகும், உங்கள் பெயரும் கூடப் போகும்.

ஆடியும் மார்கழியும்

இந்த இரண்டு மாதத்தில் நம் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புரட்டாசியிலும் பலர் தவிர்ப்பார்கள். தை, வைகாசி, ஆவணியில் வருவதை இதற்கும் சேர்த்துப் பிரித்து வைக்க வேண்டும். கையில் சம்பளம் போல மாதாமாதம் ஒரு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்கில் போடுவது நல்ல பழக்கம்.

மணிவிழாவும் சதாபிஷேகமும் இந்தக் கணக்கில் வராது. அறுபதும் எண்பதும் பிறந்த மாதம், நட்சத்திரத்தை வைத்து நடப்பதால் எந்த மாதமும் வரும். மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூருக்கு வருடம் முழுக்கக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் பிள்ளைகள் செலவு செய்வார்கள், பேரம் குறைவு, பேரன் பேத்திகள் வரை எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். சீமந்தம், காதுகுத்து, முதல் பிறந்தநாள் எல்லாம் நீங்கள் எடுத்த கல்யாண வீடுகளிலிருந்தே வரும். ஆடி பிறந்ததும் பழைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, யார் வீட்டில் அப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது என்று பார்த்து ஒரு போன் போடுங்கள். கேமராவை சர்வீசுக்குக் கொடுப்பதும், நிலுவையில் நிற்கும் ஆல்பங்களை முடிப்பதும் அந்த மாதத்தில்தான்.